தெருமுனை மெஸ் தள்ளாடுகிறதா? பெங்களூரில் அக்கம்பக்கத்தார் செய்ய வேண்டியவை

அல்சூர், ஸ்ரீராம்புரம், விவேக்நகர், லிங்கராஜபுரம், முருகேஷ்பாளையா, பெங்களூரில் நம்மாட்கள் இருக்கிற எந்த ஏரியாவை எடுத்தாலும் ஒரு சந்துக்குள் பத்து இருபது பேர் உட்காருகிற மாதிரி ஒரு மெஸ் இருக்கும். கணவன் அடுப்பில், மனைவி கல்லாவில், ஒரு மாஸ்டர், ஒரு சப்ளையர். வாடகைக்கு ரூம் எடுத்த பையன்களுக்கும், மருமகள் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் தனியாக இருக்கிற பெரியவர்களுக்கும், ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கும் அங்கேதான் மத்தியானம். அந்த மெஸ் மூடப்போகிறது என்று தெரிந்தால் என்ன செய்யலாம் என்பதுதான் விஷயம்.

முதலில் அறிகுறிகள். மூடப்போவதை யாரும் போர்டில் எழுதி மாட்ட மாட்டார்கள். சாயங்கால டிபன் நின்றுபோகும். மூன்று பொரியல் இரண்டாகி ஒன்றாகும். பொன்னி அரிசி போட்ட இடத்தில் வேறு ஏதோ மொத்த அரிசி வரும். மாஸ்டர் ஊருக்குப் போனவர் திரும்பி வந்திருக்க மாட்டார், ஓனரே கரண்டியோடு ஓடிக்கொண்டிருப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு பைக்கில் ஒருவன் வந்து வண்டியை ஆஃப் பண்ணாமலே நின்று கைநீட்டிக் காசு வாங்கிப் போவான். இந்தக் கடைசி அறிகுறியைப் பார்த்தால் சீக்கிரம் கிளம்புங்கள், மீட்டர் வட்டி, அதாவது ஆட்டோ மீட்டர் மாதிரி ஏறிக்கொண்டே போகிற கந்துவட்டி, உள்ளே வந்துவிட்டது.

இந்த நிலைமையில் நம் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இரண்டு. ஒன்று, வசூல் பண்ணி ஒரு தொகை கொடுப்பது. இன்னொன்று, ரீல்ஸ் எடுத்துப் போட்டுக் கூட்டம் சேர்ப்பது. இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மெஸ் நடத்துகிறவருக்கு ராத்திரி தூக்கம் போவதற்குப் பெரிய காரணம் நாளைக்கு எத்தனை சாப்பாடு போகும் என்று தெரியாததுதான். ஒரு கிலோ அரிசி வடித்தால் ஐந்தாறு பேர் திருப்தியாகச் சாப்பிடலாம், பத்து கிலோ போட்டு முப்பது பேர் வந்தால் மிச்சம் சாக்கடைக்கு, ஐந்து கிலோ போட்டு ஐம்பது பேர் வந்தால் இருபது பேர் முகம் சுளித்துக்கொண்டு போய்விடுவார்கள், அவர்கள் அப்புறம் வரவும் மாட்டார்கள். நாளைக்கு எத்தனை பேர் என்று நாம் முந்தின ராத்திரியே சொல்லிவிட்டால், அதுவும் காசைக் கையில் வைத்துச் சொல்லிவிட்டால், அதைவிடப் பெரிய உதவி வேறு கிடையாது. கீழே சொல்லப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

கேட்காமல் எதையும் ஆரம்பிக்க வேண்டாம்

மத்தியானக் கூட்டம் ஓய்ந்து மூன்றரை மணிக்கு மேல், அவர் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்த பிறகு போங்கள். பத்துப் பேர் கும்பலாகப் போகாதீர்கள், பஞ்சாயத்து மாதிரி ஆகிவிடும். இரண்டு பேர் போதும், அதில் ஒருவர் அவர் மதிக்கிற ஆளாக, பல வருஷம் அங்கே சாப்பிடுகிறவராக இருக்கட்டும். "அண்ணாச்சி, கடை கஷ்டத்துல இருக்குன்னு கேள்விப்பட்டோம்" என்று ஆரம்பித்தால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் போகுது" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, "அண்ணாச்சி, தினம் ஒரு நாலஞ்சு வீட்டுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுக்க முடியுமா, எவ்வளவு ஆகும்?" என்று வியாபாரமாகவே பேச்சை எடுங்கள். கணக்கு பேச ஆரம்பித்தால் கஷ்டமும் தானாக வெளியே வரும். மனைவியும் பக்கத்தில் இருந்தால் நல்லது, பாக்கி யாருக்கு எவ்வளவு என்பது பெரும்பாலும் அந்த அக்காவுக்குத்தான் சரியாகத் தெரியும்.

அவர் மூடிவிட்டு ஊருக்குப் போகிற முடிவில் இருக்கலாம். முட்டி தேய்ந்துபோய், பிள்ளைகள் வேலைக்கு வந்த பிறகு, இனி எதற்கு இந்த அடுப்பு என்று நினைப்பவரைப் பிடித்து நிறுத்தி "நம்ம ஏரியா அடையாளம்" என்று உணர்ச்சிவசப்படுத்துவது நமக்குச் சோறு வேண்டும் என்ற சுயநலம்தான். அப்படியென்றால் விட்டுவிடுங்கள். அவருக்கு நடத்த ஆசை இருக்கிறது, ஆனால் முடியவில்லை என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

எத்தனை சாப்பாடு குறைகிறது?

இதுதான் மொத்தக் கதையிலும் முக்கியமானது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவரோடு உட்காருங்கள். உதாரணக் கணக்கு ஒன்று போடுகிறேன், உங்கள் மெஸ்ஸுக்கு எண்கள் வேறாக இருக்கும், முறை இதேதான்.

வாடகை 25,000. மாஸ்டருக்கும் சப்ளையருக்கும் சேர்த்து 48,000. கரண்ட், தண்ணீர், சில்லறை 7,000. மாதம் 80,000 ரூபாய், ஒரு சாப்பாடு கூட விற்காவிட்டாலும் போகிற காசு. ஞாயிறு லீவு போக 26 நாள் என்றால், தினம் சுமார் 3,077 ரூபாய். சாப்பாடு 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், அரிசி, காய், எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்து ஒரு சாப்பாட்டுக்கு 40 ரூபாய் அடக்கம் என்றால் கையில் நிற்பது 40. அப்படியென்றால் தினம் 77 சாப்பாடு போனால்தான் கடைக்கு வரவும் செலவும் சரி. அதுவரை ஓனர் தனக்கென்று ஒரு ரூபாய் எடுக்கவில்லை. இப்போது போவது 60 என்றால், குறைவது 17.

பதினேழு! தெருவே திரண்டு வர வேண்டியதில்லை, பதினேழு சாப்பாடு. இந்த எண் தெரிந்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும், ஏனென்றால் அதுவரை 'கடை போச்சு' என்ற பயம் மட்டும்தான் இருந்திருக்கும்.

இப்போது இன்னொன்றைப் பாருங்கள். சாப்பாட்டை 90 ரூபாய் ஆக்கினால் கையில் நிற்பது 50, அப்போது தேவை 62 சாப்பாடுதான். பத்து ரூபாய் ஏற்றினால் பதினைந்து சாப்பாட்டுச் சுமை குறைகிறது. ஆனால் அவர் ஏற்ற மாட்டார். பழைய கஸ்டமர் போய்விடுவார்கள் என்ற பயம். நந்தினி பால் 2025 ஏப்ரலில் ஒரே அடியாக லிட்டருக்கு 4 ரூபாய் ஏறியது, 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் விலை மாதாமாதம் ஒன்றாம் தேதி என்ன ஆகும் என்று தெரியாது, தேங்காய் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். பெரிய ஓட்டல்கள் சங்கமாகச் சேர்ந்து காபி விலையை ஏற்றிவிடுகின்றன, சந்துக்குள் இருக்கிற மெஸ் மட்டும் பழைய விலையைக் கட்டிக்கொண்டு அழுகிறது. நாம் செய்ய வேண்டிய முதல் உதவி, வழக்கமாகச் சாப்பிடுகிற பத்துப் பேர் அவரிடம் போய் "பத்து ரூபாய் ஏத்துங்க, நாங்க எங்கயும் போக மாட்டோம்" என்று சொல்வது. சொன்ன பிறகு போகாமலும் இருக்க வேண்டும். இந்திரா கேன்டீனில் 10 ரூபாய்க்குச் சாப்பாடு கிடைக்கிறதே என்று ஒப்பிடுகிறவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அது அரசு 2017-இல் ஆரம்பித்த திட்டம், மிச்சக் காசை அரசு போடுகிறது. அண்ணாச்சிக்கு யார் போடுவார்கள்?

வாரக் கார்டு

அந்தப் பதினேழை எப்படிக் கொண்டுவருவது? முன்பணம் கட்டிச் சாப்பிடுகிற பழைய மெஸ் கார்டுதான், கொஞ்சம் மாற்றி. மாதக் கார்டு போடாதீர்கள், வாரக் கார்டு போடுங்கள். ஏன் என்று சொல்கிறேன். இருபது பேரிடம் மாதத்துக்கு முன்பணம் வாங்கிக் கொடுத்தால் ஒரே நாளில் நாற்பதாயிரத்துக்கு மேல் அவர் கையில் சேரும். பைக்காரன் அன்றைக்கே வந்து முக்கால்வாசியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அப்புறம் மீதி மூன்றரை வாரம் இருபது பேருக்கு மளிகைக்குக் காசில்லாமல் சமைக்க வேண்டும். நல்லது செய்யப் போய் அவர் கழுத்தில் இன்னொரு கடன். வாரக் கார்டு என்றால் ஆறு நாள், 90 ரூபாய் வீதம் 540. இருபது கார்டுக்கு 10,800. திங்கட்கிழமை காலையில் கையில் வருகிறது, அந்த வார அரிசிக்கும் எண்ணெய்க்கும் ரொக்கமாகப் போகிறது. ரொக்கம் கொடுத்து வாங்கினால் மளிகைக்காரரிடம் விலையும் கொஞ்சம் குறையும், கடனுக்கு வாங்கும்போது அவர் வைத்த விலைதான். நமக்கும் ஆபத்து கம்மி, கடை மூடினாலும் போவது ஒரு வாரக் காசு.

தள்ளுபடி கேட்காதீர்கள். ஆறுக்கு ஒன்று இலவசம் என்றெல்லாம் யாராவது யோசனை சொல்வார்கள், அவர்களை வேறு வேலைக்கு அனுப்பிவிடுங்கள். கஷ்டத்தில் இருக்கிற கடையில் தள்ளுபடி வாங்குவது எந்த ஊர் உதவி?

கார்டை நடத்த ஒரே ஒரு ஆள் போதும். வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிப்பது சரி, ஆனால் அதில் அரசியல் வீடியோவும் குட் மார்னிங் பூவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நான்காம் நாள் எல்லோரும் மியூட் பண்ணிவிடுவார்கள். நாளைக்கு வேண்டாம் என்றால் ராத்திரி ஒன்பது மணிக்குள் சொல்ல வேண்டும், சொன்னால் அந்தச் சாப்பாடு அடுத்த வாரத்துக்குப் போகும், சொல்லாமல் விட்டால் போனது போனதுதான். இதில் தாட்சண்யம் பார்த்தால் முறையே உடைந்துவிடும். ராத்திரியே மொத்த எண்ணிக்கையை எழுதி ஓனருக்கு ஒரு மெசேஜ்: நாளை 18, அதில் சாதம் குறைவாக 4, காரம் இல்லாமல் 2. அவ்வளவுதான்.

எடுக்கிற நேரத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். இது பலரும் கவனிக்காத இடம். இருபது பேரும் ஒரு மணிக்கு வந்து நின்றால் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிற வாடிக்கை ஆளுக்குக் குழம்பு வராது, கோபித்துக்கொண்டு போவான், நாம் கொண்டுவந்த பதினேழுக்கு அங்கே பதினேழு போய்விடும். வீட்டில் இருக்கிற பெரியவர்கள் பன்னிரண்டு மணிக்கே எடுத்துக்கொள்ளலாம், வீட்டிலிருந்து வேலை பார்க்கிற பிள்ளைகள் இரண்டு மணிக்கு. ஒரு மணி என்பது உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு. டிபன் கேரியரை நீங்களே கொண்டுபோங்கள். பார்சல் டப்பாவும் கவரும் சேர்த்தால் ஒரு சாப்பாட்டுக்கு ஏழெட்டு ரூபாய் ஆகிறது, அது மிச்சம். சூடான ரசத்தைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றிக் கட்டுகிற கொடுமையும் இல்லை. ஒருமுறை பயன்படுத்துகிற பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், ஸ்பூனுக்கு 2022 ஜூலை முதல் நாடு முழுக்கத் தடை, ஏதாவது சோதனையில் சிக்கினால் அபராதம் கட்டப்போவதும் அண்ணாச்சிதான்.

மேலே போட்ட கணக்கில், சாப்பாடு 90 ரூபாயாகி இருபது கார்டும் ஓடினால் தினம் 80 சாப்பாடு. கையில் நிற்பது 4,000, செலவு 3,077 போக 923 ரூபாய். மாதத்துக்குச் சுமார் 24,000 ஓனர் குடும்பத்துக்கு. பெங்களூரில் கணவன் மனைவி இரண்டு பேர் விடியற்காலை நாலு மணியிலிருந்து உழைப்பதற்கு அது கம்மிதான், ஆனால் பைக்காரனிடம் புதிதாக வாங்காமல் இருக்கப் போதும்.

மொத்த ஆர்டர்

கார்டு ஓட ஆரம்பித்த பிறகு மொத்த ஆர்டர் தேடுங்கள், முன்னாடி வேண்டாம். பிறந்தநாள், சீமந்தம், திதி, அபார்ட்மென்ட் மீட்டிங், கோயில் அன்னதானம். அல்சூரில் பூப்பல்லக்கு வருகிற சமயம், ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிற சமயம் எல்லாம் வாய்ப்புதான். ஆனால் அவரால் ஒரே நேரத்தில் எவ்வளவு சமைக்க முடியும் என்று முதலில் கேளுங்கள். இருக்கிற அண்டா, அடுப்பு, ஆள் எல்லாம் சேர்த்து ஐம்பது பேருக்கு மேல் தாங்காத இடத்தில் இருநூறு பேர் ஆர்டரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, அன்றைக்குச் சோறு வேகாமல் போனால், திட்டு முழுக்க அவருக்கு. பாதிப் பணம் முன்பணம், மீதி சாப்பாடு வந்ததும். 'அடுத்த மாசம் தர்றேன்' பார்ட்டிகளை, அவர் நம் சொந்தக்காரராகவே இருந்தாலும், பக்கத்திலேயே விடாதீர்கள்.

மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை மாஸ்டருக்குச் சம்பளம் ஓடுகிறது, அடுப்பு சும்மா இருக்கிறது. பக்கத்தில் தையல் கடை, கேரேஜ், சின்ன ஆபீஸ் இருந்தால், நாலு மணிக்கு இருபது பஜ்ஜி பதினைந்து டீ என்று தினசரி ஒரு ஆர்டர் பேசிக் கொடுங்கள். வாடகை ஏறாமல் வருகிற வருமானம் அது.

ஆப், மேப், ரீல்ஸ்

ஸ்விக்கி, ஜொமாட்டோவில் அந்த மெஸ் இருக்கிறதே, அங்கேயே ஆர்டர் போட்டால் உதவிதானே என்று கேட்பீர்கள். கமிஷன் கடைக்குக் கடை மாறும். பேச்சுக்கு 25 சதவீதம் என்று வைத்தால், 100 ரூபாய் சாப்பாட்டில் 25, அந்தக் கமிஷனுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி நாலரை ரூபாய், டப்பாவுக்கு ஏழு. கடைக்கு வருவது அறுபத்து மூன்றரை, ஆஃபர் ஏதாவது போட்டிருந்தால் அதற்கும் கீழே. மழை நாளில், முடியாத நேரத்தில் ஆப்பில் வாங்குங்கள், தப்பில்லை. இருநூறு மீட்டர் தள்ளி இருந்துகொண்டு ஆப்பில் போடுவதுதான் அநியாயம். போன் பண்ணிச் சொல்லிவிட்டு நடந்து போய் வாங்குங்கள், உடம்புக்கும் நல்லது. ஆப்பை முழுசாக நிறுத்தச் சொல்லவும் வேண்டாம், நம் தெருவைத் தாண்டி இருக்கிற ஆள் அவரைக் கண்டுபிடிப்பது அதில்தான். நேரில் வாங்குகிற விலையை மெனு கார்டில் தனியாகப் போட்டு ஒவ்வொரு ஆப் பார்சலோடும் போன் நம்பரையும் வைத்து அனுப்பலாமா என்று கேட்டால், முதலில் ஆப்போடு போட்ட ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கச் சொல்வேன்.

கூகுள் மேப் முழுக்க இலவசம், அரை மணி நேர வேலை. அங்கே பெரும்பாலும் கடை நேரம் தப்பாக இருக்கும், போன் நம்பர் முந்தின ஓனருடையதாக இருக்கும், போட்டோவில் யாரோ பாதி தின்ற தோசை இருக்கும். ஓனர் போனிலேயே கடையை அவர் பெயருக்கு உரிமை கோரி, நேரம், நம்பர், விலைப்பட்டியல், நாலு நல்ல போட்டோ போட்டுக் கொடுங்கள். கணக்கு உங்கள் ஈமெயிலில் வேண்டாம், நாளைக்கு நீங்கள் வீடு மாறிப் போனால் அவர் கையில் ஒன்றும் இருக்காது. விமர்சனம் எழுதினால் 'சூப்பர்' என்று ஒரு வார்த்தையில் விடாமல் வியாழக்கிழமை வத்தக்குழம்பு, சனிக்கிழமை மீன் குழம்பு என்று பதார்த்தத்தின் பெயரைப் போடுங்கள், அதைத் தேடுகிறவன் கண்ணில் படும். தமிழில் ஒருவர், கன்னடத்தில் ஒருவர், ஆங்கிலத்தில் ஒருவர் எழுதினால் நல்லது. ஐந்து ஸ்டார் போட்டால் காபி இலவசம் என்று போர்டு வைப்பது கூகுள் விதிக்கே விரோதம், அந்த விமர்சனங்கள் மொத்தமாகத் தூக்கப்படலாம்.

ரீல்ஸ் பற்றி. டெல்லி மாளவியா நகரில் பாபா கா டாபா என்ற சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு 2020 அக்டோபரில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? பெரியவர் அழுகிற வீடியோ நாடு முழுக்கப் பரவியது, மறுநாளே கூட்டம் வரிசை கட்டியது, நன்கொடை குவிந்தது. அந்தப் பணத்தைப் பற்றி வீடியோ எடுத்தவரோடு தகராறு கிளம்பி போலீஸ் புகார் வரை போய், பிற்பாடு சமாதானம் ஆனார்கள். டிசம்பரில் புதிதாக ஒரு ரெஸ்டாரன்ட் திறந்தார், வாடகைக்கும் சம்பளத்துக்கும் வருமானம் கட்டுபடியாகாமல் 2021 பிப்ரவரியில் மூடிவிட்டுப் பழைய தள்ளுக்கடைக்கே வந்துவிட்டார். ஒரு வாரம் வந்த கூட்டத்தை நம்பி நிரந்தரச் செலவை ஏற்றினால் இப்படித்தான் ஆகும். அதனால் ரீல்ஸ் எடுக்கத்தான் வேண்டும் என்றால், அழுகைப் பாட்டு போடாமல், ஓனர் முகத்தைக் காட்டலாமா என்று கேட்டுக்கொண்டு, சாப்பாட்டைக் காட்டுங்கள். சனிக்கிழமை போடாதீர்கள், மறுநாள் ஞாயிறு லீவு, திங்கட்கிழமை போடுங்கள்.

காசாகக் கொடுக்கும்போது

மிக்ஸி எரிந்துபோச்சு, ஃபிரிட்ஜ் நின்றுபோச்சு என்றால் காசு வசூல் பண்ணத்தான் வேண்டும். அப்போது பொருளையே வாங்கிக் கொடுங்கள், பில் கடை பெயரில் இருக்கட்டும். ரொக்கமாக என்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் அன்பளிப்பாக வந்த பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டும் என்றில்லாமல் முழுத் தொகையும் அவர் வருமானமாகக் கணக்கில் வரும். ஆளுக்கு ஐந்நூறு என்று இருநூறு பேர் அனுப்பினால் ஒரு லட்சம், அது எல்லாம் அவர் யுபிஐயில் வியாபார வரவோடு கலந்துவிடும்.

இந்த யுபிஐ விஷயத்தில் பெங்களூர்க் கடைக்காரர்கள் ஏற்கெனவே சூடுபட்டவர்கள். 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித்துறை யுபிஐ வரவை வைத்துச் சின்னக் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதும் ஏரியா முழுக்க 'நோ யுபிஐ, கேஷ் மட்டும்' என்று அட்டை தொங்கியதே. உங்கள் அண்ணாச்சியும் கேஷ் கேட்கிறார் என்றால் கேஷ் கொடுங்கள், அவரிடம் சண்டை வேண்டாம். ஆனால் கூடவே, தெரிந்த ஆடிட்டர் யாராவது தெருவில் இருந்தால் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். சாப்பாடு பரிமாறுவது சேவைக் கணக்கில் வருகிறது, வியாபாரம் வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். மாதம் 26 நாள் கணக்கில் அது தினம் சுமார் 6,400 ரூபாய் ஓடினாலே வந்துவிடும், இருபது கார்டும் ஓடினால் நம் உதாரண மெஸ்ஸே அதைத் தாண்டுகிறது. இந்த அளவுக் கடைக்கு வரி 5 சதவீதம். பதிவு பண்ணி நிம்மதியாக இருப்பது, நோட்டீஸ் வந்த பிறகு ஓடுவதைவிட மலிவு. ஆடிட்டர் அண்ணன் ஃபீஸுக்குப் பதிலாக ஒரு மாதம் சாப்பிட்டுக்கொள்ளட்டும், ஆனால் அதையும் கணக்கில் எழுத வேண்டியிருக்கும் என்று அவரே சொல்வார்.

இன்னொரு எச்சரிக்கை. கமர்ஷியல் சிலிண்டருக்குக் காசில்லை என்றதும் நல்ல மனசோடு யாராவது தங்கள் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வீட்டுச் சிலிண்டரைக் கடையில் எரிப்பது சட்டவிரோதம், பிடித்தால் கடை மேல் வழக்கு, கொடுத்த வீட்டுக்கும் தொல்லை. 19 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு நாலு பேர் சேர்ந்து காசு போடுங்கள், அது வேறு.

மீட்டர் வட்டிக்கு வருவோம். யாருக்கு, எவ்வளவு, இதுவரை எவ்வளவு கட்டியாகிவிட்டது என்று ஒரு தாளில் எழுத வையுங்கள். பல சமயம் அசலுக்கு மேலேயே கட்டியிருப்பார். மிரட்டி வசூல் பண்ணுவதற்கு எதிராக கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது, 10 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் என்கிறது. சட்டம் இருக்கிறது என்று கடன்காரனிடம் நாமே போய் வீராப்பு பேச வேண்டாம், நாம் வீட்டுக்குப் போன பிறகு கடையில் தனியாக நிற்கப்போவது அவர்கள்தான். மிரட்டல் அளவுக்குப் போயிருந்தால் வக்கீல் ஒருவரோடு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூடப் போங்கள். இல்லையென்றால் வங்கிக் கடனால் அதை அடைத்துவிட முடியுமா என்று பாருங்கள். சிறு தொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கடன் உண்டு, எந்த வங்கியில் கணக்கு ஓடுகிறதோ அங்கேயே கேட்கலாம். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இருந்தால் பேச்சு சுலபமாகும், ஆதாரும் பான் கார்டும் வைத்து ஆன்லைனில் பத்து நிமிஷம், ஒரு பைசா கட்டணம் கிடையாது. இரண்டாயிரம் கொடுங்கள் செய்து தருகிறேன் என்று வருகிற புரோக்கரைத் திருப்பி அனுப்புங்கள். ஃபாரம் நிரப்பத் தெரிந்த காலேஜ் பிள்ளை தெருவில் இல்லாமலா போய்விடும்?

பில்டிங் ஓனரிடம் பேசுவது பெரியவர்கள் வேலை. பெங்களூரில் கடைக்குப் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கி வைத்திருப்பது பழைய வழக்கம், 25,000 வாடகை என்றால் இரண்டரை லட்சம் அங்கே சும்மா கிடக்கிறது. மூன்று மாத வாடகையை அதில் கழித்துக்கொள்ளச் சொல்லி, ஒரு வருஷத்தில் திரும்ப நிரப்புவதாக எழுதிக் கொடுத்தால் பல ஓனர்கள் ஒத்துக்கொள்வார்கள், காலி கடைக்கு புது ஆள் தேடுவது அவர்களுக்கும் தலைவலிதான். வாய்ப்பேச்சாக விடாமல் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தோடு எழுதிக்கொள்ளுங்கள்.

வெளியே ரோடு தோண்டிப் போட்டிருந்தால், அது ஒயிட் டாப்பிங் என்கிற கான்கிரீட் ரோடு வேலையோ கழிவுநீர்க் குழாயோ, நடந்து வருகிற வழியாவது கேளுங்கள். 2025 செப்டம்பரிலிருந்து பிபிஎம்பி என்ற ஒரே பெங்களூர் மாநகராட்சி போய் ஐந்து மாநகராட்சி ஆகிவிட்டது, உங்கள் தெரு எதில் வருகிறது என்று பார்த்து நாற்பது வீட்டுக் கையெழுத்தோடு மனு கொடுத்தால், தனி ஆள் புகாரைவிட வேகம். சந்து வாசலில் அம்புக்குறி போட்ட ஒரு போர்டு வைப்பது இன்னும் வேகம். போர்டில் கன்னடம் 60 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம், மேலே பெரிதாகக் கன்னடம், கீழே தமிழ், ஆங்கிலம். தமிழ் போர்டு மட்டும் வைத்து ஏற்கெனவே தலைவலியில் இருக்கிறவருக்கு இன்னொரு தலைவலி தேடித் தராதீர்கள்.

சாப்பாடே சரியில்லை என்றால்?

இதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் சாம்பார் தண்ணியாகி, டேபிள் பிசுபிசுத்து, கை கழுவுகிற இடத்தில் நிற்க முடியவில்லை என்றால், இருபது கார்டும் இரண்டாவது வாரத்தில் பன்னிரண்டாகும். குரூப்பில் எழுதாதீர்கள். ஒரே ஒரு ஆள், தனியாக, ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லட்டும், அடுத்த வாரம் அடுத்தது. சிலது உடனே சொல்லியாக வேண்டும்: இட்லித் தட்டில் துணிக்குப் பதில் பிளாஸ்டிக் ஷீட் போடுவதைக் கர்நாடகத்தில் 2025 தொடக்கத்தில் சோதனை நடத்தி நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள், அச்சடித்த செய்தித்தாளில் வடையை மடிப்பதும் கூடாது. உணவு லைசென்ஸின் 14 இலக்க எண் பில்லில் இருக்கிறதா, லைசென்ஸ் காலாவதி ஆகவில்லையா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் போய் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுக்கலாம், அன்றைக்கு அவர் சமைத்துப் போடக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

சுமார் மூன்று மாதம் ஓடட்டும். அதற்குப் பிறகு பழைய நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி அவரோடு உட்காருங்கள். கார்டு இல்லாமல் வருகிறவர்கள் கூடியிருக்கிறார்களா, பைக்காரன் வருவது நின்றதா? கூடியிருந்தால் கார்டை மெதுவாகக் குறைக்கலாம், விருப்பப்பட்டவர்கள் தொடரட்டும். கார்டு இருபதும் அப்படியே, வெளி ஆள் மட்டும் இன்னும் குறைந்துகொண்டே போகிறது என்றால் இடமோ காலமோ மாறிவிட்டது, பக்கத்து ஆபீஸ் காலியாகியிருக்கும், பிஜி ஹாஸ்டல்களே சாப்பாடு போட ஆரம்பித்திருக்கும். அதை இழுத்துப் பிடித்தால் அவர் கடன்தான் ஏறும்.

மூடுவது என்று அவர் முடிவெடுத்தால், அதற்கும் நாலு பேர் வேண்டும். கார்டில் மிச்சம் இருக்கிற சாப்பாட்டைக் கடைசி வாரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள், காசைத் திருப்பிக் கேட்காதீர்கள். மாஸ்டருக்கும் சப்ளையருக்கும் வேறு இடம் சொல்லி வையுங்கள், நல்ல மாஸ்டருக்கு இந்த ஊரில் ஒரு வாரத்தில் வேலை கிடைக்கும். பில்டிங் ஓனரிடம் அட்வான்ஸ் மீதியை வாங்கும்போது பெயின்டிங், ரிப்பேர் என்று கழிக்கப் பார்ப்பார், சாவி கொடுக்கும் முன் கடையைச் சுற்றி வீடியோ எடுத்துக்கொண்டு கூடவே ஒருவர் நில்லுங்கள். கிரைண்டர், அண்டா, ஸ்டீல் டேபிளை எடைக்குப் போட விடாதீர்கள். ஏரியாவில் புதிதாக டிபன் கடை போடுகிறவர் யாராவது இருப்பார், பழைய சாமான்காரர் கொடுக்கிற விலையைவிட நிச்சயம் கூடக் கொடுத்து எடுத்துக்கொள்வார், அதிலேயே மளிகை பாக்கியும் அடைந்துவிடலாம்.